கடைசி இரண்டு வரிகள்

ஒரு மனிதனின் சிறுநீரகம் செத்துப்போகக் காரணம் நான். கைத்தவறு என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். தெரிந்தேதான் செய்தேன்... காலை பதினொன்றரை மணிக்கு, நல்ல நினைவோடு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு செய்தேன்.

கத்தியைத் தூக்கவில்லை. விஷம் கலக்கவில்லை. இரண்டே இரண்டு வரிகளைத் தட்டச்சு செய்யாமல் விட்டேன். அவ்வளவே!

என் பெயர் செல்வராணி. திண்டுக்கல்லில் ஒரு ஸ்கேன் சென்டரில் பத்தொன்பது வருடமாக ரிப்போர்ட் தட்டிக்கொண்டிருப்பவள். உங்களில் யாராவது என் கையால் உறை வாங்கியிருக்கக்கூடும். பதற வேண்டாம். உங்களுடையதை ஒழுங்காகத்தான் தட்டினேன். ஒரே ஒருவனுக்குத்தான் அப்படிச் செய்தேன்.

'ஒருவன்' என்று எழுதிவிட்டேன், பாருங்கள். அறுபதைத் தாண்டிய ஆள். மரியாதையோடு எழுத வேண்டும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்... கை வரவில்லை. இனியும் வராது, விடுங்கள்.

எங்கள் வேலை எப்படி நடக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால், நான் செய்தது எவ்வளவு சுலபமான காரியம் என்பது உங்களுக்குப் புரியாது.

ஸ்கேன் அறைக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரை மட்டும்தான். டாக்டர் உள்ளே பார்த்துக்கொண்டே வாயால் சொல்வார். நான் வெளியே தட்டுவேன். ஒவ்வொரு வகை ஸ்கேனுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு மாதிரித் தாள் உண்டு. அதில் எல்லாமே நார்மல். கல்லீரல் நார்மல், பித்தப்பை நார்மல், சிறுநீரகம் இரண்டும் நார்மல். டாக்டர் எதை மாற்றிச் சொல்கிறாரோ அதை மட்டும் அழித்துத் திருத்துவேன். ஒன்றும் சொல்லவில்லையென்றால் பெயரையும் வயதையும் போட்டு பிரிண்ட் கொடுத்துவிடலாம்.

ஆக, நான் சும்மா இருந்தாலே போதும்... உலகத்தில் எல்லாருக்கும் எல்லாமே நார்மல்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரிப்போர்ட் ஒரு பக்கம் நிறைய இருந்தாலும், வைத்தியம் பார்க்கிற டாக்டர்கள் பெரும்பாலும் கடைசி இரண்டு வரிகளைத்தான் படிப்பார்கள். கூடவே வைத்து அனுப்புகிற படங்களை உறைக்குள்ளிருந்து வெளியே எடுப்பதுகூட அபூர்வம். இதுவும் எனக்குத் தெரியும்.

இது நடந்தபோது எங்கள் பெரிய டாக்டர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்துத்தான் கையெழுத்துப் போடுவார். மூன்றாவது வருடம் ஒருநாள், "நீ தட்டுனதுக்கு அப்புறம் நான் எதுக்கும்மா படிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பேனா மூடியைத் திறந்தார். அன்று எனக்கு எவ்வளவு பெருமை! வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். அவர் பாவம், நாலு தடவை கேட்டுவிட்டுத் தூங்கிப்போனார்.

அந்த நம்பிக்கையைத்தான் பிறகு நான் கையில் எடுத்தேன்.

எனக்கு ஒரு தங்கை இருந்தாள். மல்லிகா. எங்கள் ஊர் குஜிலியம்பாறைப் பக்கம். மழையை நம்பிய சோளக்காடு. நான் கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்த வருடம், அவள் பத்தாம் வகுப்போடு நின்று நூல் மில்லுக்குப் போனாள். திண்டுக்கல்லைச் சுற்றி எத்தனையோ மில்கள், அதில் ஒன்று. பெயர் வேண்டாம். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் முடிவில் கல்யாணத்துக்கென்று ஒரு தொகை தருவார்கள் என்று ஓர் ஆள் வந்து பேசிக் கூட்டிப்போனான். எங்கள் தெருவில் மட்டும் நாலு பிள்ளைகள் போனார்கள்.

பொங்கலுக்கு வந்தபோது மல்லிகா வற்றிப்போயிருந்தாள். சாப்பிடும்போது பக்கத்தில் வைத்த செம்புத் தண்ணீரைத் தொடவே இல்லை. ஏன் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"பழகிப்போச்சுக்கா. தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும். போகணும்னா டோக்கன் வாங்கணும். டிபார்ட்மெண்டுக்கே ஒரு டோக்கன்தான். அது சூப்பர்வைசர் சட்டப் பைக்குள்ள கெடக்கும். அந்தாளு முன்னாடி யாரு போயி கையை நீட்டிக்கிட்டு நிக்கிறது?"

நானும் சிரித்தேன். ஆமாம்... நானும் சேர்ந்து சிரித்தேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது, அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம்!

சித்திரை மாதம் விடுதியிலிருந்து ஒரு பிள்ளை எங்களுக்குத் தகவல் சொல்லிவிட்டது. மல்லிகாவுக்குக் காய்ச்சல், வயிற்று வலி, நிமிர முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் போனோம். மில் கேட்டிலேயே ஒருவன் மறித்தான். இடது புருவத்தை இரண்டாகப் பிளந்த தழும்பு. பெயர் பரமசிவம். மல்லிகா சொன்ன சூப்பர்வைசர் அவன்தான்.

"வயித்து வலின்னு இங்க வாரத்துக்கு நாலு புள்ளைக சொல்லுதுக. வேலைக்கு டிமிக்கி குடுக்க ஒரு சாக்கு. மாத்திர குடுத்திருக்கு. ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு. அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க, பாக்கலாம்."

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சரிங்கய்யா என்றார். நானாவது சண்டை போட்டிருக்கலாம் அல்லவா? கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடியிருக்கலாம் அல்லவா? போடவில்லை, ஓடவில்லை. கொண்டுபோயிருந்த முறுக்குப் பையை அவனிடமே கொடுத்து, அவளிடம் சேர்த்துவிடும்படி கெஞ்சிவிட்டு வந்த பஸ்ஸில் ஏறினேன்.

வியாழக்கிழமை மில் வேனில் கொண்டுவந்து அரசு ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுப் போனார்கள். சிறுநீர்ப் பாதையிலிருந்த கிருமி இரண்டு சிறுநீரகங்களுக்கும் ஏறி, ரத்தத்திலும் கலந்துவிட்டது என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. நாலு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சனிக்கிழமை மல்லிகா போய்விட்டாள். பதினேழு வயது.

அடுத்த வருடம்தான் நான் ஸ்கேன் சென்டரில் சேர்ந்தேன். தட்டச்சு தெரியும் என்பதால் கிடைத்த வேலை. தட்டுவது போக இன்னொரு வேலையும் என் தலையில்தான். வருகிறவர்களிடம் தண்ணீர் பாட்டிலைக் காட்டி, "நல்லா வயிறு முட்டக் குடிங்க. ஒண்ணுக்கு முட்டுனதும் சொல்லுங்க, அப்பத்தான் ஸ்கேன்ல தெரியும்" என்று சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை! நாற்பது தடவையும் அந்தச் செம்புத் தண்ணீர் என் கண் முன்னால் வந்து நிற்கும். இதை யாரிடம் போய்ச் சொல்வேன், சொல்லுங்கள்.

இப்படியே பதினான்கு வருடம் ஓடியது. ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, அவன் வந்தான்.

சீட்டில் பரமசிவம் என்று இருந்தபோது ஒன்றும் தோன்றவில்லை. எத்தனை பரமசிவம் இல்லை? நிமிர்ந்தேன். நரைத்த புருவம், நடுவே அதே தழும்பு. எந்த ஊர் என்று கேட்டேன். தாடிக்கொம்பு என்றான். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன். மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றதாகச் சொன்னான். எந்த மில் என்று கேட்டேன். சொன்னான்!

மூன்று மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் இறங்கவில்லை, சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கவும் என்று எழுதி அவனை அனுப்பியிருந்தார்கள். வயிற்று ஸ்கேனும் சேர்த்து எழுதியிருந்ததால், நானே அவன் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். எழுந்து வந்து என் மேசை முன்னால் நின்றான். இரண்டு கால்களையும் நெருக்கிக்கொண்டு, வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தாயி, ரொம்ப முட்டுது. செத்த நேரம் பாத்ரூம் போய்ட்டு வந்துரவா?"

நீங்களே சொல்லுங்கள்! அவன்... என்னிடம்... அதற்கு அனுமதி கேட்கிறான்! எந்தச் சாமி அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது?

போகக் கூடாது என்றேன். போய்விட்டு வந்தால் மறுபடியும் முதலிலிருந்து தண்ணீர் குடிக்க வேண்டும் என்றேன். அவனுக்கு முன்னால் இரண்டே பேர்தான் இருந்தார்கள். பிறகு வந்த ஐந்து பேரை அவனுக்கு முன்னால் உள்ளே அனுப்பினேன். அவன் நெற்றியெல்லாம் வேர்த்து, பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். நான் ஒரு நிமிடம்கூட வேறு பக்கம் திரும்பவில்லை. ஆற அமரப் பார்த்தேன். அத்தோடு என் ஆத்திரம் தீர்ந்திருக்க வேண்டும்தானே? தீரவில்லையே... பசிதான் கூடியது.

கடைசியில் உள்ளே போனான். திரைக்குப் பின்னாலிருந்து பெரிய டாக்டரின் குரல் வந்தது. அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். இடது சிறுநீரகத் தமனி, தொடக்கத்திலேயே கடுமையான சுருக்கம். வலது தமனியிலும் லேசான சுருக்கம். சி.டி. ஆஞ்சியோ எடுத்து உடனடியாக உறுதி செய்யவும்.

தெளிவாகச் சொன்னார். நிறுத்தி நிறுத்திச் சொன்னார். 'உடனடியாக' என்பதை இரண்டு தடவை சொன்னார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

திரையில் மாதிரித் தாள் திறந்திருந்தது. சிறுநீரகத் தமனிகள் இரண்டும் நார்மல் என்று அதில் ஏற்கெனவே இருந்தது. என் விரல்கள் கீபோர்டின் மேல் இருந்தன. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன்? பத்து நொடியா, இருபதா... அந்த நேரத்தில் நான் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். இவனுக்கு மனைவி இருப்பாள், பிள்ளைகள் இருப்பார்கள் என்றும் யோசித்தேன். எங்கள் அப்பா கக்கத்தில் துண்டை வைத்துக்கொண்டு நின்றதையும் யோசித்தேன். பெயரைத் தட்டினேன். வயதைத் தட்டினேன். பிரிண்ட் கொடுத்தேன்.

டாக்டர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

உறையை வாங்கிக்கொண்டு, என்ன போட்டிருக்கிறது என்று அவன் என்னிடம் கேட்டான். அவன் முகத்தை நேராகப் பார்த்தேன். பதினைந்து வருடமாக என் காதுக்குள் கிடந்த வார்த்தைகள் அப்படியே வாயில் வந்தன.

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு."

கையெடுத்துக் கும்பிட்டான்! நன்றாயிரு தாயி என்று வாழ்த்திவிட்டுப் போனான். அன்று மத்தியானம் நான் பட்டினி கிடக்கவில்லை, அழவில்லை. ஒரு பிரியாணிப் பொட்டலம் வாங்கிவரச் சொல்லி, கடைசிப் பருக்கை வரை ரசித்துச் சாப்பிட்டேன். அதையும் நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

பதினோரு மாதம் கழித்து அவனுடைய மகள் வந்தாள். ஆயக்குடியில் வாழ்க்கைப்பட்டவள், கொய்யாத் தோப்பு உள்ள குடும்பம். சண்டைக்கு வரவில்லை. மதுரையில் கேட்கிறார்கள், போன வருடத்துப் படங்களை ஒரு தடவை பார்த்துச் சொல்ல முடியுமா என்று பணிவாகத்தான் கேட்டாள். நடந்ததை அவளே பெரிய டாக்டரிடம் சொன்னாள். அப்பாவுக்குத் திடீரென்று மூச்சு முட்டி, நெஞ்சு முழுக்க நீர் கோத்துக்கொண்டதாம். மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். இடது சிறுநீரகம் ரத்தம் இல்லாமல் சுருங்கி, எதற்கும் உதவாமல் போய்விட்டதாம். வலது தமனியும் இந்தப் பதினோரு மாதத்தில் முக்கால்வாசிக்கு மேல் அடைத்துவிட்டதாம். வயர் விட்டுப் பார்த்தார்களாம், நுழையவில்லை. வயிற்றைத் திறந்து, தொடையிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து, பெரிய தமனியிலிருந்து வலது சிறுநீரகத்துக்கு மாற்றுப் பாதை தைத்திருக்கிறார்கள்.

"கால்ல இருந்து நரம்ப எடுத்து கிட்னிக்கு ஒட்டுப் போட்டிருக்காங்க சார். அந்த ஒரு ஒட்டுலதான் எங்கப்பா உசுரு ஓடுதுங்க. போன வருசமே தெரிஞ்சிருந்தா ரெண்டையும் காப்பாத்தியிருக்கலாம்னு சொல்றாங்க."

பெரிய டாக்டர் கம்ப்யூட்டரில் பழைய படத்தைத் திறந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். படத்தின் ஓரத்திலேயே அவர் அன்று அளந்த அளவு பதிவாகியிருந்தது. கடுமையான அடைப்பு என்று எந்தக் கற்றுக்குட்டியும் சொல்லிவிடக்கூடிய அளவு. பக்கத்தில் ரிப்போர்ட், அதில் நார்மல். அடியில் அவர் கையெழுத்து.

மகளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ராணி, இத நான் பாத்திருக்கேன். அளந்திருக்கேன். உங்கிட்ட நான் என்னம்மா சொன்னேன்?"

இங்கேதான் கேளுங்கள். இதுவரை சொன்னதெல்லாம் பரமசிவத்துக்குச் செய்தது. அதற்கு என்னிடம் கணக்கு உண்டு, காரணம் உண்டு. இனிச் சொல்லப்போவதற்கு ஒன்றும் கிடையாது.

"நீங்க நார்மல்னுதான் சொன்னீங்க சார்" என்றேன்.

குரல் பிசிறவில்லை. கண் தாழவில்லை. அவர் என்னை உற்றுப் பார்த்தார். சந்தேகப்பட்டுப் பார்க்கிறார் என்று நினைத்தேன். இல்லை... நான் தப்பாகத் தட்டியிருக்கலாம் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை! அவர் தன்னைத்தான் சந்தேகப்பட்டார். அவருடைய அண்ணன் ஒருவர் இதே வயதில் நினைவு தப்பி, பெற்ற பிள்ளைகளின் பெயரை மறந்து, வீட்டு வாசலிலேயே வழி தெரியாமல் நின்று செத்துப்போனவர். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பயம் அவர் முகத்தில் ஏறி உட்கார்ந்ததை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் மூன்று தடவை படித்தார். சொன்னதையே திரும்பச் சொன்னார். சொன்னோமா, சொன்னோமா என்று திரையை விலக்கி விலக்கிக் கேட்டார். ஆறு மாதம் தாங்கினார். பிறகு ஒருநாள், இன்னொருத்தர் உயிரோடு விளையாடக் கூடாது என்று சொல்லி, தம்பி மகனான சின்ன டாக்டரிடம் சென்டரை ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். நாற்பது வருடம் திண்டுக்கல்லின் வயிறுகளையெல்லாம் பார்த்த கண்கள்! ஒரு குறையும் இல்லாத கண்கள். நான்தான் அவற்றை மூடினேன்.

பரமசிவமோ... நன்றாக நடமாடுகிறான்.

தைத்த பாதை திறந்திருக்கிறதா என்று பார்க்க ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எங்களிடம்தான் வருகிறான். தாடிக்கொம்புப் பெருமாள் தன்னைக் காப்பாற்றியதாகச் சொல்கிறான். வேட்டியைச் சற்று உயர்த்தித் தொடைத் தழும்பைப் பெஞ்சில் இருப்பவர்களுக்குக் காட்டுகிறான். மகள் கொடுத்துவிட்ட கொய்யாப் பழங்களை என் மேசையில் வைத்து, தனக்குத்தான் தின்னக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், நீங்கள் சாப்பிடுங்கள் என்கிறான். அவன் போனதும் குப்பைத் தொட்டியில் போடுவேன். ஒருநாள் கூட்டிப் பெருக்குகிற அக்கா பார்த்துவிட்டு, நல்ல பழத்தை ஏன் இப்படிப் போடுகிறாய் என்று கடிந்துகொண்டாள்.

எனக்குப் பொறுக்க முடியாதது அந்தச் சத்தம்தான். கருவியை வயிற்றில் வைத்ததும் ரத்தம் ஓடுகிற ஓசை திரையைத் தாண்டி வரும். வுஷ்... வுஷ்... வுஷ்... அவன் காலிலிருந்து எடுத்த குழாய் வழியே அவன் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தம். எவ்வளவு பேர் கூடி, எவ்வளவு மெனக்கெட்டு, அவனுக்கு ஒரு பாதை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்! மல்லிகாவுக்கு ஒரு செம்புத் தண்ணீரும், நாலு நாள் முன்னால் ஒரு வேனும் போதுமாயிருந்தது.

போன கார்த்திகையில் என்னால் அடக்க முடியவில்லை. பெஞ்சில் அவன் மட்டும் இருந்தான். போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"மில்லுல இருந்தப்ப, குஜிலியம்பாறைப் பக்கத்துப் புள்ள ஒண்ணு, மல்லிகான்னு பேரு. வயித்து வலின்னு சொல்லுச்சே... ஞாபகம் இருக்கா?"

உண்மையாகவே யோசித்தான். அதுதான் கொடுமை. நெற்றியைச் சுருக்கி, மேலே பார்த்து, ஒரு நல்ல மனிதன் எப்படி முயற்சி செய்வானோ அப்படி முயற்சி செய்தான்.

"எம்புட்டுப் புள்ளைக வந்துச்சு, போச்சு தாயி. மல்லிகாவே பத்து இருந்திருக்கும். ஒங்களுக்குச் சொந்தமா? நல்லாருக்கா இப்ப?"

நல்லா இருக்கா என்று சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

அவனுக்கு நினைவில்லை! கேட்டில் மறித்தது நினைவில்லை. முறுக்குப் பை நினைவில்லை. இருபது வருடம் நான் சுமந்ததில் ஒரு தூசிகூட அவன் தலையில் இல்லை. அப்படியானால் நான் யாரைத் தண்டித்தேன்? எதற்காகத் தண்டிக்கப்பட்டோம் என்பதே தெரியாதவன் தண்டனை பெற்றவனா? அவனைப் பொறுத்தவரை அவனுக்கு ஒரு நோய் வந்தது, ஒரு ஆபரேஷன் நடந்தது, பெருமாள் கண் திறந்தார். முடிந்தது கதை.

இந்தச் சித்திரையில் மறுபடியும் வந்தான். உள்ளே சத்தம் மாறியிருந்தது. வழக்கமான வுஷ் இல்லை. மூச்சிரைப்பதுபோல் ஒரு கீச்சு. நான் தட்டுவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தேன். சின்ன டாக்டர் சொன்னார்: மாற்றுக் குழாயை வலது சிறுநீரகத்தோடு தைத்த இடத்தில் சுருக்கம் தெரிகிறது. அறுவை செய்த மருத்துவரிடம் உடனடியாகக் காட்டவும்.

சின்ன டாக்டரும் படிக்காமல்தான் கையெழுத்துப் போடுகிறார். அவருடைய பெரியப்பா, பெரிய டாக்டர்தான் அவருக்குச் சொல்லியிருக்கிறார், ராணி தட்டினால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்று!

மாதிரித் தாள் திறந்திருந்தது. எல்லாமே நார்மல். அவனுக்கு மிச்சம் இருப்பது ஒரே சிறுநீரகம், ஒரே பாதை. நான் சும்மா இருந்தால் போதும்.

தட்டினேன். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். உடனடியாக என்பதைத் தடித்த எழுத்தில் போட்டேன். அவனைக் கூப்பிட்டு, இன்றைக்கே மதுரைக்குப் போங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள் என்று வாயாலும் சொன்னேன். போனான். பலூன் வைத்து விரித்துச் சரிசெய்துவிட்டார்களாம். இப்போது நன்றாக ஓடுகிறதாம்.

திருந்திவிட்டாள் என்று நினைக்கிறீர்களா? கருணை என்று நினைக்கிறீர்களா? தயவுசெய்து அப்படி நினைத்து என்னைக் கேவலப்படுத்தாதீர்கள். அவன் இப்போது சாகக் கூடாது. ஒன்றும் தெரியாமல், நிம்மதியாக, பெருமாள் பெயரைச் சொல்லிக்கொண்டு அவன் போய்விடக் கூடாது. அவனுக்கு மல்லிகா ஞாபகம் வர வேண்டும். ஒவ்வொரு ஆறு மாதமும் அவன் வருவான். ஒவ்வொரு தடவையும் நான் கேட்பேன். அது வரைக்கும் அந்த ரத்தம் ஓடட்டும்.

நான் செய்ததை அவனிடம் சொல்லிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். கேட்காமலா இருப்பேன் என்னை நானே? சொன்ன மறு நிமிடமே அவன் பாவப்பட்டவன் ஆகிவிடுவான். ஊரே அவனுக்காக அழும். அநியாயமாக ஒரு மனிதனின் சிறுநீரகத்தைக் கெடுத்தவள் என்று என்னைத் திட்டும்; திட்டட்டும், அது எனக்கு உறைக்காது. ஆனால் அவனுக்கு அந்தக் கண்ணீர் கிடைக்கக் கூடாது. மல்லிகாவுக்குக் கிடைக்காத ஒரு சொட்டுக்கூட அவனுக்குக் கிடைக்கக் கூடாது.

இந்த வன்மத்துக்கு விலை கொடுப்பவர் வேறொருவர். அதுவும் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பெரிய டாக்டரைப் பார்க்கப் போகிறேன். நான் தட்டிக் கழித்தாலும் அவர் ஆள் விட்டுக் கேட்பார். மனைவி இல்லாத வீடு. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பார். மேசையில் ஒரு நோட்டு. அதில் காலையில் என்ன சாப்பிட்டோம், யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று எழுதி வைத்துக்கொள்கிறார். சாயங்காலம் அதை மூடி வைத்துவிட்டுத் தனக்குத்தானே ஒப்பித்துச் சரிபார்க்கிறார். ஒருநாளும் தப்பியதில்லை. தப்பியதே இல்லை! ஆனாலும் அவர் நம்பமாட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமையும் காப்பி குடித்து முடித்ததும் அதே கேள்வியைக் கேட்டார்.

"அன்னைக்கு, அந்தத் தாடிக்கொம்புக்காரருக்கு, நான் என்ன சொன்னேன் ராணி?"

இடது சிறுநீரகத் தமனி, தொடக்கத்திலேயே கடுமையான சுருக்கம். வலது தமனியிலும் லேசான சுருக்கம். சி.டி. ஆஞ்சியோ எடுத்து உடனடியாக உறுதி செய்யவும். உடனடியாக என்பதை இரண்டு தடவை சொன்னீர்கள், சார்... ஒரு எழுத்துக்கூட எனக்கு மறக்கவில்லை. நாக்கு நுனி வரை வந்து நின்றது.

"நார்மல்னுதான் சொன்னீங்க சார்" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு, நோட்டை எடுத்து அதையும் எழுதி வைத்தார்.